எலுமிச்சம்பழம் கட்டிய ஏரியல்

குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஒரு காலம் என்றால் ராஜா காலம் அல்ல. செல்போனில் பாட்டு வராத காலம்.

அந்தக் காரின் முன்பக்க ஓரத்தில், பானெட்டை ஒட்டி, ஓர் ஏரியல் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய வெள்ளிக் குழாய். அழுத்தினால் சாண் உயரம், இழுத்தால் மார்பு உயரம். காரின் மற்ற உறுப்புகள் எல்லாம் படுத்தோ, உட்கார்ந்தோ, உருண்டோ பிழைத்தன. நிமிர்ந்து நின்று பிழைத்தது அது ஒன்றுதான். அந்தத் திமிர் அதற்கு அடியிலிருந்து நுனிவரை இருந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரரும் ஓட்டுநரும் சென்னியப்பன். காலையில் வண்டி துடைக்கும்போது ஏரியலைக் கடைசியாகத்தான் துடைப்பார், ஆனால் ரொம்ப நேரம் துடைப்பார். முழுசாக இழுத்துவிட்டு நுனியை ஒரு சுண்டு சுண்டுவார். அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் நிற்கிறவரைக்கும் ஹாரனோ, வைப்பரோ, விளக்கோ ஏதும் பேசக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

டேஷ்போர்டுக்குள் ஒரு பழைய ஸ்டீரியோ இருந்தது. அதற்கு வாய் உண்டு, காது கிடையாது. காற்றில் வருகிற பாட்டை ஏரியல் பிடித்து, ஒரு ஒயர் வழியாக உள்ளே அனுப்பும். வந்ததை ஸ்டீரியோ அப்படியே பேசும்.

"நான் கொள்முதல், நீ விற்பனை" என்று ஏரியல் அடிக்கடி அதனிடம் சொல்லும். "சரக்கு கொண்டாறவன் நின்னுட்டா, கடைய வெச்சுட்டு நீ என்ன பண்ணுவே?"

ஸ்டீரியோ பதில் சொல்லாது. கொடுத்ததைத் தவிர வேறொன்றும் பேசி அதற்குப் பழக்கமில்லை.

சென்னியப்பனுக்கு நிரந்தர சவாரி ஒன்று இருந்தது. ரெஜினா டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குன்னூரில் தனியாக இருந்தவர். சிறுநீரகம் கெட்டுவிட்டதால் வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். மலை இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, போய் வர ஒரு பகல் முழுக்க ஆகும்.

"போறப்ப பயம், வர்றப்ப அலுப்பு" என்பார் டீச்சர். "பாட்டு இருந்தா ரெண்டும் கொஞ்சம் தள்ளி உக்காருதுப்பா."

ஆனால் மலைப்பாதையில் பாட்டு நிற்காது. ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். ஏரியல் மேல் குற்றமில்லை, மலை மறைத்தால் அது என்ன செய்யும். இருந்தாலும் பல்லவி மட்டும் கேட்டுச் சரணம் கேட்காமலே டீச்சர் பல மாதம் மலை இறங்கினார்.

ஒருநாள் டீச்சர் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிநாட்டிலிருந்து வந்த அவர் தம்பி மகன் கொடுத்துவிட்டுப் போனதாம். மேகத்துக்கும் மேலே நிற்கிற செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பாட்டை வாங்கும் ரேடியோ. அதனோடு, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு வில்லை ஒன்று. அதைக் காரின் கூரையில் வைத்துவிட்டால் போதும், வில்லை காதாகிவிடும். மலை மறைக்காது, வளைவு தடுக்காது.

"இதை உன் வண்டியிலயே வெச்சுக்கப்பா" என்றார் டீச்சர்.

சென்னியப்பன் வில்லையைக் கூரை நடுவில் வைத்தார். பெட்டியை ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்குக் குன்னூரில் ஆரம்பித்த வயலின் பர்லியார் தாண்டி, கல்லாறு தாண்டி, ஒரு இழைகூட அறாமல் வந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பன் ஹாரனைக்கூட வளைவுக்கு ஒன்று என்று அளந்து அடித்தார்.

அன்று முழுவதும் ஏரியலுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வயலின் தன் வழியாகத்தான் உள்ளே போனது. அதை ஏரியல் உணர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. "இன்னிக்கு நம்ம கைராசியப் பாத்தீங்களா?" என்று ஹாரனிடம் கேட்டது. "மலையில ஒரு தடவைகூட விடலை."

மலை ஏறித் திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், சின்னப் பெட்டி மரியாதையாகப் பேச்சைத் தொடங்கியது.

"ரொம்ப நன்றிங்கண்ணா."

"எதுக்கு?"

"எனக்குக் காது மேல கூரையில இருக்குதுங்க. ஆனா வாய் இல்லீங்க. வாங்குன பாட்டை மெல்லமாக் காத்துல விடத்தான் எனக்குத் தெரியும். சித்த தூரம்கூடப் போகாது. நீங்க அதைப் பிடிச்சு ஸ்டீரியோ ஐயாகிட்டச் சேத்துனதாலதான் டீச்சரம்மா இன்னிக்குப் பாட்டுக் கேட்டாங்க."

ஏரியல் ஆடவில்லை. காற்றடித்தும் ஆடவில்லை.

அப்போதுதான் ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் வண்டியைச் சுற்றிக் கூடினார்கள். சென்னியப்பன் கூரையைத் தட்டிக் காட்டி, "நேரா வானத்துல இருந்து வருதுங். நடுவுல தரகு கிடையாது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து என்கிற டிரைவர் வில்லையை விரலால் தொட்டுப் பார்த்து, "உங்களுக்கென்னங்க மாமா, மகாராஜா. எங்களுக்கு ஊர்ப் பாட்டு, உங்களுக்கு வானத்துப் பாட்டு" என்றார்.

நடுவில் தரகு கிடையாது என்ற சொல் ஏரியலின் அடிவேரில் போய் இறங்கியது. ஹாரன் சும்மா இருக்குமா. தன்னை அளந்து அடித்த கோபம் அதற்கும் இருந்தது. "ஏனுங்ணா, அப்ப இத்தனை நாளா மூட்டை சொமந்தது நீங்க, பேரு மட்டும் கூரையில ஏறி உக்காந்தவனுக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஹாரன் பேசுவது எப்போதும் அவ்வளவுதான். ஒரே சத்தம், ஆனால் தெருவே திரும்பும்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டாண்டில் இருந்த வண்டிகள் எல்லாம் குளித்து, திருநீறு பூசி, வாழைக்கன்று கட்டி நின்றன. சென்னியப்பன் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்தார், ஸ்டீரியோவுக்குக் குங்குமம் வைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கதம்பத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. வருஷா வருஷம் அந்தத் துண்டு ஏரியலின் கழுத்தில்தான் சுற்றும். இந்த வருஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து உள்ளே நுழைந்து, சின்னப் பெட்டியின் மேல் சாத்திவிட்டு வந்தார்.

ஏரியலுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல, மறந்துவிட்டார். வேண்டுமென்று விட்டிருந்தால்கூட ஏரியல் தாங்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் பெட்டி தானாகவே வந்து விலை பேசியது. அதற்கு விஷயம் புரிந்திருந்தது.

"அண்ணா, ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க. மலையில உங்களுக்குக் கேக்காது, அங்க நான் பாடறேன். கல்லாறு இறங்குனதும் உங்களுக்கு ஊர் ஸ்டேஷன் எல்லாம் கேக்கும், அங்க நீங்க பாடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. மேல் பாதியக்கூட நீங்கதான் கொண்டு போய்ச் சேக்கோணும். கணக்குப் பாத்தா உங்களுக்குத்தான் அதிகம்."

நல்ல விலை. இதைவிட நல்ல விலை எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

"பாதியா?" என்றது ஏரியல். "என்ற வீட்டுல எனக்கே பாகம் பிரிச்சுக் குடுக்க நீ யாரு? நேத்து காந்தம் போட்டு ஒட்டுனவன் நீ. நான் ஓட்டை போட்டு, மரை முடுக்கி, ஒயர் இழுத்து வெச்ச ஆளு."

"ஒட்டுனதோ முடுக்குனதோ, டீச்சரம்மா கேக்கோணுமில்லீங்களா?"

"கேப்பாங்க. யாரைக் கேப்பாங்கன்னு நான் பாக்கறேன்."

முதல் விலைக்கே கை கொடுக்கத் தெரியாதவன் கடைசியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் போவான். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குக் கடைசி என்று ஒன்று வரும் என்பது எங்கே தெரிகிறது.

அடுத்த சவாரியில் ஏரியல் வேலையைக் காட்டியது.

பெட்டி பாட்டை விடுவதற்கு ஓர் அலைவரிசை எண் இருந்தது. அதே எண்ணில் ஸ்டீரியோ காத்திருக்கும். மேட்டுப்பாளையம் நெருங்கியதும் ஏரியல் நுனியைச் சிலிர்த்துக்கொண்டது. அந்த எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த ஊர் ஸ்டேஷன் எல்லாவற்றையும் அள்ளியது. பேச்சு, விளம்பரம், பாதிப் பாட்டு, மின்கம்பத்து இரைச்சல் என்று எதையும் விடவில்லை. பெட்டியின் மெல்லிய வயலினோடு அத்தனையையும் ஒரே சாக்கில் கட்டி உள்ளே அனுப்பியது.

ஸ்டீரியோ கரகரவென்று இருமியது. "ஒரே வாசல்ல இத்தனை பேரு முண்டினா நான் யாரு பேச்சைப் பேசறது?" என்று அது முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டது.

"நான் என்ன பொய்யா கொண்டாறேன்?" என்றது ஏரியல். "காத்துல இருக்கறதைத்தான் கொண்டாறேன். அதான் என்ற கடமை. இருக்கறதை மறைக்கச் சொல்றியா?"

பொறாமைக்காரன் பொறாமைக்காக என்று ஒரு காரியமும் செய்ய மாட்டான். எல்லாம் கடமைக்காகத்தான் செய்வான்.

சென்னியப்பன் ஸ்டீரியோவைத் தட்டினார். பெட்டியைத் தட்டினார். பெட்டியிலும் ஸ்டீரியோவிலும் எண்ணை மாற்றினார். கொஞ்ச தூரத்துக்கு வயலின் தெளிந்து வந்தது. டீச்சர் "அப்பாடி" என்று சாய்வதற்குள், புது எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர்களையும் ஏரியல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி மாற்றினார், மறுபடி வந்தது. வாசல் மாற்றிக் குடியிருந்தாலும் பின்னாலேயே வந்து கதவைத் தட்டுகிற சொந்தக்காரனைப் போல அது பின்தொடர்ந்தது.

கோளாறு எங்கே என்று சென்னியப்பன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கூரை வில்லையைத் துடைத்தார், ஒயரைத் திருகினார், பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தார். ஏரியலை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. பழைய ஆள், இத்தனை வருஷம் உழைத்த ஆள், அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள். உண்மையில் பாட்டு மோசமாகும்போதெல்லாம் அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஏரியலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். ஏரியல் சந்தோஷமாக நீண்டது. கரகரப்பும் நீண்டது.

கடைசியில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதாக நினைத்தார்.

"இது கண்ணு" என்றார் வீட்டில். "நாச்சிமுத்து அன்னைக்கே விரல் வெச்சுப் பாத்தான். மகாராஜான்னான். அவன் வாய் வெச்ச எது உருப்பட்டிருக்குது?"

வீட்டுக்காரி ஒரு எலுமிச்சம்பழம், ஏழெட்டுப் பச்சைமிளகாய், ஒரு படிகாரக் கட்டி எல்லாவற்றையும் கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கொடுத்தாள். சென்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கூரையில் கட்ட இடமில்லை. பெட்டியில் கட்டினால் வெளியே தெரியாது, கண் வைக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா. வண்டியில் துருத்திக்கொண்டு நிற்பது ஒன்றே ஒன்றுதான்.

அப்படித்தான், பெட்டியின் மேல் பட்ட கண்ணைக் கழிக்க வேண்டிய பழம், அந்தக் கண்ணின் கழுத்திலேயே கட்டப்பட்டது.

ஏரியலுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பூவை அவனுக்கு வெச்சாரு. அது ஒரு நாள்ல வாடிப் போச்சு. எனக்குப் பழமே கட்டியிருக்காரு பாத்தியா" என்று ஹாரனிடம் காட்டியது.

ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. "உங்களுக்குத் தகுந்த மாலைதானுங்ணா" என்றது.

பழத்தின் சாறு கசிந்து ஏரியலின் இடுக்குகளில் இறங்கியது. பச்சைக் களிம்பு பூத்தது. கரகரப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

அந்த வாரம் டீச்சருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தாங்கலாக வந்து பின்சீட்டில் சாய்ந்தார். சென்னியப்பன் பெட்டியைப் போட்டார். ஒரு பெண் குரல் நிதானமாக ஆலாபனை எடுத்தது. டீச்சரின் விரல் ஒன்று மடியில் அசைந்தது. அந்த விரலைப் பார்த்த கண்ணாடி மற்றவர்களிடம் சொல்லிற்று. ஏரியலுக்கும் கேட்டது. அது நுனியை நிமிர்த்தி, ஏதோ ஒரு சேலைக் கடை விளம்பரத்தைப் பிடித்து உள்ளே எறிந்தது.

விரல் நின்றுவிட்டது.

"அணைச்சிடுப்பா" என்றார் டீச்சர்.

சென்னியப்பன் அணைத்தார். டீச்சருக்கு வழியில் வலி வந்தது. தள்ளி உட்கார வைக்க ஒன்றும் இல்லாததால் அது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "சென்னியப்பா, அந்தப் பெட்டியை அடுத்த தடவை எடுத்துக் குடுத்துடு. என் தம்பி மகனோட சிநேகிதன் ஒருத்தன் கார் வெச்சிருக்கானாம், அதுல நல்லா கேக்குதாம். ரெண்டு மாசம் அதுல போய்ப் பாக்கறேன். தப்பா எடுத்துக்காதே" என்றார்.

சென்னியப்பன் தலையாட்டினார். இத்தனை வருஷ சவாரி. சவாரியைவிட, அந்த அம்மாள் வண்டியில் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அவருக்குப் பழகியிருந்தது. "ஒரே ஒரு தடவை பொறுங்க டீச்சர்" என்றார். "அடுத்த தடவை நீங்க உள்ள இருக்கற நேரத்துல இதுக்கு ஒரு வழி பண்ணிடறேன். முடியலைன்னா நானே கழட்டிக் குடுத்துடறேனுங்க."

அன்றைக்கு ஏரியல் நிம்மதியாக நின்றது. "சொன்னேனில்ல?" என்று பெட்டியிடம் கேட்டது. "யாரு போறா, யாரு நிக்கறான்னு."

பெட்டி சொன்னது: "நான் போனா டீச்சரம்மாவும் போறாங்கண்ணா. அப்புறம் நீங்க யாருக்குக் கொண்டு வருவீங்க?"

காற்றே இல்லாமல் ஏரியல் முன்னும் பின்னும் ஆடியது.

அடுத்த முறை டீச்சரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, சென்னியப்பன் காந்திபுரத்தில் கார் ஸ்டீரியோ வேலை செய்கிற வின்சென்ட்டின் கடைக்குப் போனார். பெட்டி சரியில்லையா, வில்லை சரியில்லையா என்று பார்க்கச் சொன்னார்.

வின்சென்ட் உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கரகரப்பைக் கேட்டார். பெட்டியைத் தொடவில்லை. இறங்கி வந்து ஏரியலின் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். அது சாண் அளவுக்குச் சுருங்கியது. உள்ளே கரகரப்பு பாதிக்குமேல் அடங்கியது. மறுபடி இழுத்தார். கரகரப்பு திரும்பி வந்தது.

"பாத்தீங்களா?"

சென்னியப்பன் தானும் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பார்த்தார்.

"உங்க பெட்டி தங்கமுங்க" என்றார் வின்சென்ட். "அது மெதுவாப் பேசுது. இவரு ஊர்ல இருக்கற சத்தத்தை எல்லாம் அள்ளியாந்து அது மேல கொட்டறாரு. நம்பர் மாத்தி என்ன பண்ண? கோயமுத்தூருக்குள்ள எந்த நம்பருக்குப் பக்கத்துலயும் யாராவது ஒருத்தன் கத்திட்டுத்தான் இருப்பான்."

"அப்ப அழுத்தியே வெச்சர்றதுங்களா?"

"அழுத்தி வெச்சா உங்க பெட்டியோட சத்தமும் கொறஞ்சு போகும், கரகரப்பும் முழுசா போகாது. அதுக்கு வேற வழி இருக்குது." ஏரியலிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டி, அங்கே ஒரு சின்ன இணைப்பை வைத்து, பெட்டியின் ஒயரை அதில் நேராகச் செருகிவிடலாம் என்றார். ஒரு சுவிட்ச் இருக்கும். பெட்டி பக்கம் போட்டால் பெட்டி பேசுவது ஒயரிலேயே உள்ளே போகும், ஏரியலுக்குக் கதவு சாத்திவிடும். ஏரியல் பக்கம் போட்டால் பழையபடி.

"இனிப் பெட்டிக்கு ஏரியலோட தயவே வேண்டாமுங்க" என்று முடித்தார்.

ஏரியல் அதைக் கேட்டது. தன்னைத் துண்டாக்குகிற கத்தரியின் சத்தத்தைவிட அந்தச் சொல்தான் அதற்குப் பெரிதாகக் கேட்டது. "பாதிக்கு ஒத்துக்கறேன்" என்று அவசரமாகப் பெட்டியைக் கூப்பிட்டது. "நீ சொன்ன விலைதான். கீழ நான், மேல நீ. கல்லாறு வரைக்கும் வேண்டாம், மேட்டுப்பாளையம் வரைக்கும் போதும். தம்பி, காதுல விழுதா?"

பெட்டியின் காதில் விழவில்லை. ஒயர் அதற்குள் வெட்டப்பட்டிருந்தது.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வின்சென்ட் கேட்டார். "இதைப் புடுங்கிப் போட்டுரட்டுங்களா? பச்சை பூத்துப் போச்சு. பாட்டு இனி அதுலதான் வரணும்னு இல்லை."

சென்னியப்பன் யோசித்தார். பிடுங்கினால் ஓட்டை விழும், மழைத்தண்ணீர் இறங்கும். பிறகு ஏரியலின் கழுத்தில் வாடித் தொங்கிய பழத்தைப் பார்த்தார்.

"நிக்கட்டுமுங்க" என்றார். "பழம் கட்ட ஒரு குச்சி வேணுமில்லீங்களா."

திரும்பும் வழியில் பாட்டு கண்ணாடித் தண்ணீர் மாதிரி வந்தது. கோயம்புத்தூர் நெரிசலுக்குள்ளேயே தெளிவாக வந்தது. சேலைக் கடை இல்லை, இரைச்சல் இல்லை. டீச்சர் முன்சீட்டில் கை வைத்து, "என்னப்பா பண்ணினே?" என்று கேட்டார். "நடுவுல ஒருத்தன் நின்னு மறிச்சிட்டிருந்தான், ஒதுக்கி விட்டாச்சுங்க" என்றார் சென்னியப்பன். டீச்சர் சாய்ந்துகொண்டார். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். சென்னியப்பன் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஏரியல் வெளியே நின்று எல்லா ஸ்டேஷனையும் பிடித்தது. ஒன்றுவிடாமல் பிடித்தது. பிடித்ததை வெட்டுப்பட்ட ஒயரின் நுனிவரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றது.

பர்லியாரில், பலாவும் பாக்கும் அடர்ந்து வானத்தையே மூடியிருந்த ஒரு வளைவில், முன்னால் ஒரு லாரி படுத்துவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. மழை மூட்டம் வேறு. கூரை வில்லைக்கு வானம் தெரியவில்லை. பெட்டி தடுமாறி, பாதி ராகத்தில் நின்றது. டீச்சர் விழித்துக்கொண்டார்.

அதே நேரத்தில் ஏரியலுக்கு ஓர் அதிசயம் நடந்தது. மலை எந்த இடுக்கில் வழிவிட்டதோ, அந்த இடத்தில் ஊர் ஸ்டேஷன் ஒன்று அதற்குச் சுத்தமாகக் கேட்டது. அதிலும் ஒரு வயலின். ஒரு இழைகூட அறாத வயலின். ஏரியல் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பிடித்ததில்லை.

"ஐயா, கொண்டாந்திருக்கேன்" என்று அது ஸ்டீரியோவைக் கூப்பிட்டது. "இதுல கலப்படம் இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

பெட்டியும் ஸ்டீரியோவிடம், "எனக்கு வானம் தெரியலீங்க. அண்ணன்கிட்ட ஏதாவது இருக்குதான்னு கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கதவைத் திறக்கிற சுவிட்ச் மனிதக் கைக்குத்தான் அடங்கும்.

கையும் வந்தது. சென்னியப்பன் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார். "ஏரியல்ல ஏதாவது வருதான்னு பாக்கட்டுங்களா டீச்சர்?"

ஏரியல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து அடிவரை அந்த வயலினை ஏந்திக்கொண்டு நின்றது.

"வேண்டாம்ப்பா" என்றார் டீச்சர். "அது கரகரன்னுதான் வரும். சும்மா இருந்தாலே நல்லா இருக்கு."

விரல் சுவிட்சை விட்டு விலகியது. மழை விழுந்தது. பின்சீட்டில் டீச்சர் நின்றுபோன ராகத்தை, தானே மெல்ல முனகி முடித்தார். வெளியே ஏரியலில் வயலின் வாசித்து ஓய்ந்தது.

அதற்குப் பிறகும் அந்த வெள்ளைக் கார் ரொம்ப காலம் ஸ்டாண்டில் நின்றது. சென்னியப்பன் பூவைப் பெட்டிக்கு வைத்தார், பழத்தை ஏரியலுக்குக் கட்டினார். ஒரு விஷயத்தை மட்டும் எல்லா டிரைவர்களும் கவனித்தார்கள். மற்ற வண்டிகளில் கட்டிய பழம் அமாவாசைக்கு அமாவாசை தாங்கியது. அந்த ஏரியலில் கட்டிய பழம் மட்டும் ஒரு வாரம்கூடத் தாங்காமல் கருகிச் சுருங்கியது.

"பாத்தீங்களா, நம்ம வண்டி மேல எத்தனை கண்ணு" என்று சொல்லி, சென்னியப்பன் நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கருகின பழத்தை அவிழ்த்து எறிந்துவிட்டு, புதுப் பழத்தை அதே ஏரியலில் இறுக்கிக் கட்டுவார்.